யந்திரப் பராமரிப்பும் கணினிப் பதிவும்

உதகமண்டலத்தைச் சார்ந்த காந்தலைச் சுற்றியுள்ள சரிவுகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிரிடும் விவசாயிகளுக்கும், குந்தா, கோத்தகிரிப் பகுதிகளில் தேயிலை வளர்க்கும் சிறு விவசாயிகளுக்கும் யந்திரம் இன்று புதுமையன்று. ஆயின் யந்திரம் வாங்குவதில் நாம் காட்டும் ஊக்கத்தில் காற்பங்கேனும் அதைப் பேணுவதில் காட்டுகிறோமா என்பது ஐயமே.

நம் ஜில்லாவில் 1962-ஆம் ஆண்டில் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தோன்றிற்று. 1965-இல் இத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக இண்ட்கோசர்வ் அமைந்தது. இத்தொழிற்சாலைகளுக்குக் கொழுந்து கொடுப்போர் பெரும்பாலும் சிறு நிலமுடையோர். பறித்த கொழுந்து காத்திராது. குவித்து வைத்தாற் சூடேறிக் கெடும். சி.டி.சி. உருளையில் அறைபட்ட இலையோ, குறித்த நேரத்திற்குள் உலர்த்தியில் ஏறாவிடின் மணமும் நிறமும் இழக்கும். ஆகவே, கொழுந்து பெருகும் பருவத்தில் உலர்த்தியின் விசிறி ஒரு தாங்கியின் பழுதால் நின்றுவிடுமாயின், அந்நஷ்டம் தொழிற்சாலைக்கு மட்டுமன்று. கொழுந்துக்கு விலையை எதிர்பார்த்திருக்கும் குடும்பங்கள் யாவற்றிற்குமாம்.

இத்தகைய நஷ்டத்தைத் தவிர்க்கும் கருவியாகவே பராமரிப்பு மென்பொருள் இப்போது பல தொழிற்சாலைகளிற் பழக்கத்திற்கு வந்துள்ளது. அது செய்வது மாயமொன்றுமன்று. ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஓர் எண் கொடுத்து, அஃது எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது எண்ணெய் மாற்றவேண்டும், உருளையின் பற்களை எப்போது கூர் செய்யவேண்டும், எந்த உதிரிப் பாகம் இருப்பில் உள்ளது என்பவற்றைக் குறித்துவைத்து, உரிய நாளில் நினைவூட்டுகிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் நின்றுவிடும் நம் ஜில்லாவில், கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய பாகத்தை முன்கூட்டியே தருவித்து வைப்பதன் அருமையை விவரிக்கவேண்டியதில்லை.

எனினும் மென்பொருளை விலைகொடுத்து வாங்கியதனால் மட்டும் பயன் விளையாது. யான் நேரிற் கண்ட ஒரு தொழிற்கூடத்தில் கணினி அலுவலக அறையில் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. யந்திரத்தண்டை நிற்கும் தொழிலாளி கண்ட பழுதை வாயாற் சொல்வார். குமாஸ்தா மாதக் கடைசியில் நினைவிற்கு வந்ததை எழுதுவார். தொடக்கத்தில் ஒரு தொழிலாளி தாமே முன்வந்து, தாங்கியில் ஓசை கேட்கிறதென்று பதிவு செய்தார். பத்து நாள்வரை எவரும் அதனைப் பார்த்திலர். பதினோராம் நாள் யந்திரம் நின்றது. அதன் பின் அவர் ஒன்றும் எழுதவில்லை. அவரை யான் குறைகூறேன். எழுதிய குறை தீர்க்கப்படுமாயின் எழுதுகிறவர் மறுபடியும் எழுதுவார். தீர்க்கப்படாவிடில் மென்பொருள் அன்றே மாண்டது என்பது என் துணிபு.

ஆதலின் இதனை மேற்கொள்ளக் கருதும் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் நலம். முதலாவது, எல்லா யந்திரங்களையும் ஒரே நாளிற் சேர்க்கலாகாது. நின்றால் வேலை முழுதும் நிற்கும் நாலைந்து யந்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு பருவம் நடத்திப் பார்க்கவேண்டும். இரண்டாவது, பதிவு தமிழில் இருத்தல்வேண்டும். யந்திரத்தை ஓட்டுபவரே தம் கைபேசியிற் பதியக்கூடியதாகவும், அலைத்தொடர்பு கிட்டாத பள்ளத்தாக்கில் எழுதியதைப் பின்னர் அனுப்பக்கூடியதாகவும் இருத்தல்வேண்டும். மூன்றாவது, பழைய நோட்டுப் புத்தகத்தை ஒரு பருவம் உடன் வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் வைத்தால் இரண்டும் பொய்யாகும். நான்காவது, பதிவைக் கொண்டு தொழிலாளியைத் தண்டிக்கலாகாது. உண்மையெழுதினால் அபராதம் என்ற அச்சம் புகுந்தவிடத்தில் உண்மை நில்லாது.

இவற்றினும் முக்கியமானது தலைவர்களின் கடமை. நிர்வாகக் குழு கூடுந்தோறும் வரவு செலவைப் பார்ப்பதுபோல, தீராது நிற்கும் பழுதுகளின் பட்டியலையும் வாசிக்கச் செய்து, ஒவ்வொன்றிற்கும் பொறுப்பாளரையும் நாளையும் குறிப்பிடவேண்டும். இதற்குப் பொருட்செலவில்லை, மனம் ஒன்றே வேண்டும்.

இஃதெல்லாம் பெருந்தொழிற்சாலைகளுக்கே உரியது, கிராமத்திற்கு ஏன் என்று சிலர் வினவக்கூடும். 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி வழிக்குக் கொணர 2,516 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. நம் மாநிலத்தில் 2018-இல் தொடங்கப்பெற்ற உழவன் செயலி வாயிலாக வேளாண் யந்திரங்களை வாடகைக்குப் பெறவும் வழியுண்டு. கடன் கணக்கிற்கும் வாடகைக்கும் கணினி வந்துவிட்டபின் பராமரிப்பிற்கு மட்டும் அஃது ஆகாதென்பது பொருந்தாது. வாடகைக்கு வந்த உழுயந்திரம் விதைப்பு நாளன்று வயலின் நடுவே நின்றால், செயலியிற் பதிவு செய்தது எளிது என்பதனால் விவசாயிக்கு ஆறுதலுண்டோ?

பொதுவில் யந்திரம் வைத்திருக்கும் மிராசுதார்களும், சங்கக் காரியதரிசிகளும், கிராம அதிகாரிகளும் அடுத்த பருவம் வருமுன் தத்தம் ஊரில் உள்ள யந்திரங்களைக் கணக்கெடுத்து, ஒவ்வொன்றும் கடைசியாகப் பழுது பார்க்கப்பட்ட நாளை எழுத முற்படுவார்களாக. அந்நாள் எவருக்கும் தெரியாத யந்திரங்கள் எத்தனை என்பதை அறிந்தாலே, இவ்வேற்பாட்டின் அவசியம் தானே விளங்கும்.