தெங்கேராவில் உறங்கும் சுல்தான்



மலாக்கா பட்டணத்திலிருந்து தெங்கேரா சாலை வழியாகப் போகிறவர்கள் அந்தப் பழைய பள்ளிவாசலைப் பார்த்திருப்பீர்கள். 1728-ல் கட்டப்பட்டது. அதன் வளாகத்தில் ஒரு சமாதி இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனபோது ஒரு மாணவி கேட்டாள்: “சார், இவர் சிங்கப்பூர்ல சுல்தானா இருந்தவர்னு சொன்னீங்களே, அப்புறம் ஏன் இங்க அடக்கம் பண்ணினாங்க?”

நல்ல கேள்வி. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று முழுமையாகச் சொல்கிறேன்.

அவர் பெயர் சுல்தான் உசேன். ஜொகூர்-ரியாவ் சுல்தான் மாமூதின் மூத்த மகன். 1812-ல் தந்தை காலமானபோது உசேன் பகாங்கில் இருந்தார். அவர் திரும்புமுன் பூகிஸ் தலைவர்கள் தம்பி அப்துல் ரகுமானைச் சுல்தானாக்கிவிட்டார்கள். அண்ணன் மனம் நொந்திருப்பார். ஆனாலும் ரியாவ் தீவுகளில் ஒதுங்கி வாழ்ந்தார்.

ஏழு ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயரான ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வந்தார். அங்கே கொடி நாட்ட அவருக்கு ஒரு சுல்தானின் கையெழுத்து வேண்டும். தம்பியோ டச்சுக்காரர் பக்கம். ஆகவே அண்ணனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார். 1819 பிப்ரவரி 6-ஆம் நாள் உசேன் சுல்தானானார். ஆண்டுக்கு 5,000 ஸ்பானிய வெள்ளி தருவதாக ஒப்பந்தம்.

பதவி வந்தது, நிம்மதி போனது. டச்சுக்காரர் என்ன செய்வார்களோ என்ற பயத்தில், “இதை நான் விரும்பிச் செய்யவில்லை” என்ற பொருளில் ரியாவுக்குக் கடிதம் எழுதினார். 1824-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தங்களுக்குள் கடலைப் பங்கு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் தம்பி, இந்தப் பக்கம் அண்ணன். ஒரு தகப்பனின் சொத்து இரண்டு துண்டானது. அதே ஆண்டு உசேன் 33,200 வெள்ளிக்கும் மாதம் 1,300 வெள்ளிக்கும் சிங்கப்பூரை முழுவதுமாக எழுதிக் கொடுத்தார். காரியம் முடிந்ததும் அவரை மதிப்பாரில்லை. 1834-ல் மலாக்காவுக்கு வந்தவர், மறு ஆண்டு இங்கேயே கண்ணை மூடினார்.

மகன் அலிக்கு அப்போது ஏறக்குறைய பத்து வயது. இருபது ஆண்டுகள் காத்திருந்து, 1855-ல்தான் ஆங்கிலேயர் அவரைச் சுல்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு விலையாக, கீசாங்-மூவார் பகுதி தவிர ஜொகூர் முழுவதையும் தெமங்கோங் குடும்பத்துக்கு விட்டுக் கொடுத்தார். இன்றைய ஜொகூர் அரச குடும்பம் அந்தத் தெமங்கோங் வழி வந்ததே. பிறகு அலி கடனில் மூழ்கினார். கடன் கொடுத்தவர்களில் செல்லப்பா என்ற வட்டிக்காரரும் ஒருவர். மூவாரையே அவரிடம் ஈடு வைக்கும்படி ஆயிற்று. 1877-ல் காலமான அலியின் சமாதி அம்பாய் பள்ளிவாசலில் இருக்கிறது. நாம் சுட்ட மீன் சாப்பிடப் போகும் அதே அம்பாய்தான்! சிங்கப்பூர் கம்போங் கிளாம் அரண்மனையில் எஞ்சியிருந்த வாரிசுகளும் 1999-ல் வெளியேற வேண்டியதாயிற்று.

பெற்றோர்களே, இது ராஜா வீட்டுக் கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளிலும் முடிசூட்டு விழா நடக்கிறது. தகப்பன் திடீரென்று காலமாகிவிடுவார். கருமாதி முடிந்த கையோடு மாமனும் சித்தப்பனும் மூத்த பையனின் தோளைத் தட்டி, “இனி நீதான்டா குடும்பத் தலைவன்” என்பார்கள். அவனுக்குப் பதினைந்து வயதிருக்கும். சொன்னவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த மாதம் அவன் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்காது. சில வருடங்களில், படித்து முன்னுக்கு வந்த தம்பிக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. இப்படிப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கிரீடம் வைக்கிறவர்களுக்கு ஒரு நிமிட வேலை. சுமக்கிறவனுக்கு ஆயுள் முழுவதும். ஆகவே, ஒரு பிள்ளையின் தலையில் பொறுப்பை ஏற்றுமுன், “இதில் என் பங்கு எவ்வளவு?” என்று பெரியவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். மாதம் ஐம்பது வெள்ளியோ, பள்ளிப் புத்தகமோ, வாரம் ஒருமுறை வந்து விசாரிப்பதோ, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு அவன் தோளைத் தட்டுங்கள்.