காசு இல்லாத நாளில் அவள். காசு வந்த நாளில் அவன்!

"ஆணா, பெண்ணா என்று நாங்கள் பார்ப்பதில்லை, தகுதியைப் பார்க்கிறோம், திறமையைப் பார்க்கிறோம்" என்பார்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறையை ஆளும் பெரியவர்கள். தகுதி! திறமை! இந்த இரு சொற்களும் நமக்குப் புதியனவல்ல. வகுப்புரிமை கேட்ட நாளில் நம் முகத்துக்கு நேரே நீட்டப்பட்ட சொற்களே இவை. கடல் கடந்த நாட்டில், கல்லூரி மைதானத்தில், பயிற்சியாளர் வேலை கேட்கும் பெண்ணின் முன் இன்று அதே சொற்கள் நீட்டப்படுகின்றன. உறையைப் பிரித்து உள்ளே இருப்பதென்ன என்று பார்க்கும் உரிமை நமக்கு உண்டு, பழக்கமும் உண்டு.

1972-ஆம் ஆண்டு சூன் 23. கல்விக்கூடங்களில் பால் வேற்றுமை கூடாது என்ற சட்டத்தில் அதிபர் நிக்சன் கையொப்பமிட்ட நாள். 'ஒன்பதாம் தலைப்பு' என்பது அச்சட்டத்தின் பெயர். அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி தந்தவர்கள் யார்? 100-க்கு 90-க்கும் மேற்பட்டோர் பெண்கள்! ஆகா, எவ்வளவு பரந்த மனம் என்று வியந்துவிட வேண்டாம். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, அல்லது இல்லாத அளவுக்குச் சிறியது. ஆகவே ஆடவர் எவரும் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. 1974-இல் டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை ஏற்றபோது பாட் சம்மிட் அம்மையாருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். பயிற்சி தந்தவரும் அவரே, வண்டி ஓட்டியவரும் அவரே, ஆட்டக்காரிகளின் உடைகளைத் துவைத்துப் போட்டவரும் அவரே!

சட்டம் வந்தது. பெண்கள் அணிக்கும் பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஆடும் பெண்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகிற்று. பயிற்சியாளரின் சம்பளமும் உயர்ந்தது. உயர்ந்ததும் நிகழ்ந்தது என்ன? புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியர்களாக இருந்த விவியன் அகோஸ்டா, லிண்டா கார்ப்பென்டர் என்ற இரு பெண்மணிகள், பல்லாண்டுகள் சலிக்காமல் கணக்கெடுத்து வந்தனர். 2014-இல் அவர்கள் தந்த கணக்கு: பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் பெண்கள் 100-க்கு 43. ஆண்கள் அணிகளிலோ 100-க்கு 4 பேர்கூட இல்லை!

பெண்ணுக்குக் கதவு திறக்கச் செய்த சட்டம் அது. திறந்த கதவின் வழியே ஆடவர் உள்ளே நுழைந்தனர். உள்ளே இருந்த பெண் வெளியே நின்றாள். குற்றம் சட்டத்தினுடையது அன்று. அச்சட்டம் இல்லையேல் அந்த இலட்சக்கணக்கான மாணவிகள் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் கையைத்தான் நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம். வீட்டில் நாள்தோறும் மூன்று வேளை அடுப்பூதுபவள் பெண். திருமணப் பந்தலில் கூலி பேசிக் கரண்டி பிடிப்பவர் ஆண். 'சமையல் பெண்ணின் பிறவிக் குணம்' என்று பேசும் நாக்கு, கூலி பேசும் வேளையில் மட்டும் மடங்கிக்கொள்ளவில்லையா? அதே கதைதான் அங்கும்.

அந்தக் கை யாருடைய கை என்பதைப் பாருங்கள். 1971-இல் பெண்கள் தாமே ஒரு கல்லூரி மகளிர் விளையாட்டுக் கழகம் கண்டு, தாமே நடத்தி வந்தனர். பணம் தெரியத் தொடங்கியதும், அதுவரை ஆண்கள் ஆட்டத்தை மட்டுமே கவனித்து வந்த தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், 1981-82-இல் பெண்களுக்கும் தானே போட்டி நடத்தப் புகுந்தது. சில மாதங்களில் மகளிர் கழகம் நிலைகுலைந்து மறைந்தது. கல்லூரிகளிலும் இரு துறைகள் ஒன்றாயின. ஒன்றானபோது ஆண்கள் துறையின் தலைவர் தலைவரானார். பெண்கள் துறையின் தலைவி அவருக்குத் துணையானார். 2014-ஆம் ஆண்டுக் கணக்கில், விளையாட்டுத் துறை இயக்குநர்களில் பெண்கள் 100-க்கு 22 பேரே. தேர்ந்தெடுப்பவர் ஆண், அவர் தொலைபேசியில் கலந்து பேசும் நண்பர்கள் ஆண்கள், அந்த நண்பர்கள் சொல்லும் பெயர்களும் ஆண்களின் பெயர்கள். பிறகு கையை விரித்து, 'தகுதியான பெண் விண்ணப்பிக்கவில்லையே' என்கிறார்!

சரி, தகுதியையே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகம். அங்கே பெண்கள் பனிக்கட்டித் தரை ஹாக்கி அணியை முதல் நாளிலிருந்து வளர்த்தவர் ஷானன் மில்லர். 2001, 2002, 2003, 2008, 2010 என ஐந்து முறை தேசியக் கோப்பையைக் கொண்டு வந்தவர். 2014 திசம்பரில், ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே, 'உன் ஒப்பந்தம் இனிப் புதுப்பிக்கப்படாது' என்றது பல்கலைக்கழகம். காரணம்? பணமுடையாம், அவர் சம்பளம் அதிகமாம். அதே வளாகத்தின் ஆண்கள் அணிப் பயிற்சியாளர் அன்றுவரை வென்றிருந்த தேசியக் கோப்பை ஒன்று; அவருடைய சம்பளமோ மில்லரின் சம்பளத்தைவிடக் கூடுதல். அது அதிகமாகத் தெரியவில்லை! மில்லர் வழக்கு மன்றம் ஏறினார். 2018 மார்ச்சில் ஜூரர்கள், பெண் என்பதாலும், பெண்கள் அணிக்கு நேர்ந்த ஓரவஞ்சனையைத் தட்டிக் கேட்டதாலும் அவர் பழிவாங்கப்பட்டார் என்று கண்டு, 37 இலட்சத்து 40 ஆயிரம் டாலர் தரச் சொன்னார்கள். ஐந்து கோப்பைகள் தகுதியில்லையெனில், தகுதி என்பது எத்தனை கோப்பை என்று அந்தப் பெரியவர்கள் சொல்லட்டும்.

அயோவா பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பெண்கள் ஹாக்கிப் பயிற்சியாளர் டிரேசி கிரீஸ்பாம் மாணவிகளிடம் கடுமையாக நடக்கிறார் என்று புகார். விசாரணை நடந்தது, விதி எதையும் அவர் மீறியதாகத் தெரியவில்லை. ஆயினும் 2014 ஆகஸ்டில் வேலை போயிற்று. ஆண் பயிற்சியாளன் உறுமினால் அது வீரம், ஒழுங்கு, உறுதி. பெண் குரல் உயர்த்தினால் கொடுமை! அவருடைய வாழ்க்கைத் துணைவியான ஜேன் மேயர், அதே விளையாட்டுத் துறையின் மூத்த அதிகாரி. அவரும் துறையிலிருந்து அகற்றப்பட்டார், வழக்குத் தொடுத்தார். 2017 மே மாதம் ஜூரர்கள் அவருக்கு 14 இலட்சத்து 30 ஆயிரம் டாலர் வழங்கினர். உடனே பல்கலைக்கழகம் இருவர் வழக்கையும் 65 இலட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது. அந்தப் பணம் இயக்குநரின் சட்டைப் பையிலிருந்தா போயிற்று? இல்லை. அவர் நாற்காலியும் ஆடவில்லை. 2023-இல்தான் ஓய்வு பெற்றார். தவறு செய்தவனுக்கு வலிக்காத தண்டனை தவற்றைத் திருத்தும் என்று நாம் நம்பவில்லை.

'குழந்தை பெறுவாள், பயணம் செய்ய முடியாது' என்பது மற்றொரு சாக்கு. தந்தையாகப் போகிறவனிடம் இந்தக் கேள்வியை எவன் கேட்கிறான்? மணமாகாத பெண்ணையோ விட்டுவிடுகிறார்களா? அவளைப் பற்றி வேறு வகையில் காதோடு காதாகப் பேசுகிறார்கள். மணந்தாலும் குற்றம், மணக்காவிட்டாலும் குற்றம்! 1990-இல், நிறைமாதக் கருவோடு, அணிக்கு ஆட்டக்காரி தேடிப் பென்சில்வேனியா சென்ற சம்மிட் அம்மையாருக்கு அங்கேயே வலி கண்டது. விமானமேறி டென்னசி திரும்பித்தான் மகனைப் பெற்றார். இப்படித்தான் உழைக்க வேண்டும் என்று எந்தத் தாயிடமும் நாம் கேட்கவில்லை. ஆனால் 'முடியாது' என்று சொல்பவருக்கு இது விடை. அந்த அம்மையார் ஓய்வு பெற்றபோது கணக்கில் நின்றவை 1098 வெற்றிகள், எட்டுத் தேசியக் கோப்பைகள்.

ஆண்கள் பெண்கள் அணிக்கு நன்றாகப் பயிற்சி தரவில்லையா என்று கேட்பவர் உண்டு. தந்திருக்கிறார்கள். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஜீனோ ஆரியம்மா 2025-க்குள் 12 கோப்பைகள் வென்றதை நாம் மறைக்கவில்லை. ஆடவன் பெண்ணுக்குக் கற்பிக்கலாம் என்றால், பெண் ஆடவனுக்குக் கற்பித்தால் பந்து கூடைக்குள் விழ மறுக்குமா? 2024-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல், ஆடிய 38-ஐயும் வென்ற தென் கரோலினா அணியின் பயிற்சியாளர் டான் ஸ்டேலி ஒரு பெண். 1995-இலேயே நியூயார்க்கின் கிங்ஸ்பரோ சமுதாயக் கல்லூரியில் ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளரானார். வானம் இடிந்து விழவில்லை. எனினும் முதல் பிரிவிலுள்ள 350-க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடைப்பந்து அணிகளில், தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் அமர்த்தப்பட்டதில்லை. டென்னசியின் ஆண்கள் அணியை ஏற்குமாறு சம்மிட் அம்மையாரைக் கேட்டுப் பார்த்தார்கள் என்பது உண்மை. அவர் மறுத்தார், அதை ஏன் பதவி உயர்வாகக் கருதுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். பெண்கள் அணி என்றால் ஒரு படி கீழ் என்ற எண்ணத்தின் உச்சந்தலையில் விழுந்த குட்டு அது!

நாம் கேட்பது சலுகை அன்று. வேலை காலியானால் வெளிப்படையாக அறிவியுங்கள். விண்ணப்பித்தோர் எத்தனை பேர், நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதை அச்சிட்டு வையுங்கள். தேர்வுக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். பழிவாங்கியது வழக்கு மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால், பல்கலைக்கழகக் கருவூலத்தோடு இயக்குநரின் பதவியும் விலை தரட்டும். ஆண்கள் அணிக்கு ஆள் தேடும்போதும், தொலைபேசியை எடுத்து முதலில் ஒரு பெண்ணை அழையுங்கள்.