கடையடைப்புக்கு முன்பே

2020 அக்டோபர் 9 அன்று தமிழகமெங்கும் முடிதிருத்தும் கடைகள் மூடிக் கிடந்தன. திண்டுக்கல் மாவட்டச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட வழக்கில், குற்றம்சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டதற்கு எதிரான போராட்டம் அது. அந்தக் கோபத்தை வணங்குகிறேன். ஆனால், பிள்ளை உயிரோடு இருக்கும்போதே ஊர் பேச வேண்டாமா? அதே மாவட்டத்தில் காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், அக்டோபர் 2 கிராமசபையில் குடிநீர், தெருவிளக்கோடு குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையையும் பேச எடுங்கள். பெரும்பாலும் கை வைப்பவன் வீட்டுக்குத் தெரிந்தவன்தான். மானம் போய்விடும் என்று மாமாவையோ வாத்தியாரையோ காப்பாற்றுவது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை. குழந்தை சொன்னால் நம்புங்கள், துருவாதீர்கள். தெரிந்தும் புகார் செய்யாதிருப்பதே 2012 போக்சோ சட்டப்படி குற்றம். காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டிலேயே வாங்கலாம் என்கிறது அதே சட்டம்.