தெரிந்த தொழில்



சென்ற மாதம் தோப்பூரில் எங்கள் மாதர் குழுவில் வாழ்வாதார உதவிப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். "தெரிந்த தொழில்" என்ற இடம் வந்ததும் ஓர் அக்கா, "ஒண்டுமில்லை எண்டு எழுதுங்க தங்கச்சி" என்றார். 2006இல் சண்டை மூண்டு கந்தளாயில் இடம்பெயர்ந்து இருந்தபோது, முகாமில் நாளாந்தம் நூறு பேருக்குச் சமைத்தவர் அவர். அதை நினைவூட்டினேன். அவரது முகம் சுருங்கிவிட்டது. "அது அகதியா இருந்த நேரம் பழகினது. அதையும் ஒரு தொழில் எண்டு எழுதுறதா?" என்று கேட்டார்.

அப்போது எனக்கு நேபாளத்துச் சர்க்கஸ் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள். அவர்களைப் பற்றி அன்று குழுவில் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் நாம் எல்லோரும் சர்க்கஸ் பார்த்திருப்போம். இந்தியாவில் 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே என்பவர் முதலாவது சர்க்கஸ் குழுவை நடத்தினார். கேரளத்தின் தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் 1901இல் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அந்த ஊரிலிருந்து எத்தனையோ கலைஞர்கள் கூடாரங்களுக்குச் சென்றார்கள். ஊஞ்சற் பாரில் பறந்தவரான ஜெமினி சங்கரனும் தலைச்சேரிப் பக்கத்தவர்தான். 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய அவர் 2023இல் காலமானார்.

ஆனால் கூடாரத்திற்குப் பின்னால் இன்னொரு பக்கமும் இருந்தது. பிற்காலத்தில் நேபாளத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து சிறுமிகளைத் தரகர்கள் இந்தியச் சர்க்கஸ்களுக்குக் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம், நல்ல வாழ்வு என்று பெற்றோருக்கு ஆசை காட்டினார்கள். வெளிநாட்டு வேலை என்று நம் வாசலுக்கு வரும் தரகர்களின் பேச்சும் இப்படித்தானே இருக்கிறது! போன பிள்ளைகளுக்குக் கிடைத்தது அடியும் உதையும்தான். பள்ளிக்கூடம் இல்லை, வீட்டாரைக் காணவும் வழியில்லை. 2000ஆம் ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்கள் பலரை மீட்டன. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் சிறுவர்களை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டது.

மீண்டு வந்தவர்களை ஊர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "சர்க்கஸ்காரி" என்று ஒதுக்கியது. எழுதப் படிக்கத் தெரியாத அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு வித்தைதான். அதுவும் அடித்துப் பழக்கிய வித்தை. அதை மறந்துவிடத்தான் யாரும் நினைப்பார்கள். அவர்களுள் சிலரோ 2010இல் ஒன்றுசேர்ந்து 'சர்க்கஸ் காத்மண்டு' என்ற தங்கள் சொந்தக் குழுவைத் தொடங்கினார்கள். 2014இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் ஆடினார்கள். ஆட்கடத்தல் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் இதே கலையைப் பயன்படுத்தினார்கள். 2017இல் இவர்களைப் பற்றி ஆவணப்படம் ஒன்றும் வெளிவந்தது.

அந்தரத்தில் ஆடுவது லேசான காரியமல்ல. மேலிருந்து தொங்கும் நீளத் துணியைக் காலில் சுற்றி முடிச்சுப்போல இறுக்கிக்கொண்டு கையை விடவேண்டும். சுற்றுப் பிழைத்தால் கீழேதான். துணி உரசி முழங்காலின் பின்புறம் தோலுரியும். ஊஞ்சற் பாரில் பறப்பவருக்கு முதலில் விழத்தான் பழக்குவார்கள். வலையில் காலை ஊன்றாமல் முதுகு படும்படி விழவேண்டும். எதிரே தலைகீழாகத் தொங்கிக் கை கொடுப்பவரை நம்பவும் வேண்டும்.

நேபாளத்துப் பெண்கள் பழைய கொடுமையை நல்லது என்று சொல்லவில்லை. கொடுமை செய்தவரின் பாவம் அவரோடுதான். ஆனால் தங்கள் கைகாலில் இருக்கும் வித்தை தங்களுக்கே சொந்தம் என்று கண்டார்கள். யாருக்காக ஆடுவது, எதைச் சொல்ல ஆடுவது என்பதை இம்முறை அவர்களே தீர்மானித்தார்கள்.

நான் சொல்லி முடித்தபின் அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சமையல் எண்டு எழுதுங்க. நூறு பேருக்கு எண்டும் போடுங்க. ஆனா எங்க பழகினது எண்டு கேட்டா நான்தான் சொல்லுவன், நீங்க சொல்லக் கூடாது" என்றார். அவர் பெயரை நான் இங்கு எழுதாததற்கும் அதுவே காரணம்.

சகோதரிகளே, இடம்பெயர்ந்த காலத்தில் நாம் பழகியவை கொஞ்சமல்ல. ஓலை பின்னிக் கொட்டில் போட்டோம், காயத்திற்குக் கட்டுப் போட்டோம், கச்சேரிக்கும் பிரதேச செயலகத்திற்கும் நடந்து காரியம் முடித்தோம். இந்த மாதம் ஒரு கொப்பியில் அவற்றை ஒவ்வொன்றாக எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். அடுத்த முறை படிவத்தில் அந்த இடம் வரும்போது "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.