பொம்மைப் பெட்டியில் ஆறு அநாதைகள்

2024ஆம் ஆண்டு மகாளய அமாவாசை, அக்டோபர் 2ஆம் தேதி வந்தது. அன்று காந்தி ஜயந்தியும்கூட. காலை ஆறு மணிக்கு எங்கள் சமையலறை மூலையில் வைத்திருந்த பொறியில் ஒரு சுண்டெலி அகப்பட்டிருந்தது. அரை மசால்வடைக்கு ஆசைப்பட்டு வந்த பிராணி. பொறியோடு வாளித் தண்ணீரில் முக்கினேன். தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் நடந்துவரும் முறை இது. நானும் அதைப்பற்றி விசேஷமாக எதுவும் நினைக்கவில்லை.

பத்து மணிக்குப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கினேன். திறந்தால், செட்டியார் பொம்மைக்கும் தசாவதாரத்துக்கும் நடுவில் ஒரு காகிதக் குவியல்! போன வருஷம் பொம்மைகளைச் சுற்றிவைத்த தாள்களை யாரோ பொடிப்பொடியாகக் கிழித்துப் பஞ்சு போல் ஆக்கியிருந்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தேன். நம்முடைய ஞாயிறு மலரேதான். எழுதியவனுக்கே மறந்துபோன ஒரு கட்டுரை, எவருக்கோ மெத்தையாகப் பயன்பட்டிருந்தது.

அந்த மெத்தைக்குள் ஆறு எலிக்குட்டிகள் இருந்தன. "எலிக்குஞ்சு" என்றுதான் நாம் சொல்கிறோம். தொல்காப்பியர் மரபியலில் எலியின் இளமைக்குக் "குட்டி" என்ற பெயரைக் கொடுத்திருக்கிறார். கீரிக்கும் வெருகுக்கும் அணிலுக்கும் உள்ள அதே மரியாதை. ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் ஒரு கணு அளவு. மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, காது மடல் தலையோடு ஒட்டிக் கிடந்தது. தோல் அத்தனை மெல்லியது. வயிற்றின் இடப்பக்கத்தில், உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது பால். வடையைத் தேடிப் புறப்படுவதற்கு முன் தாய் கொடுத்துவிட்டுப் போன பால்.

"இதோட அம்மா எங்கேப்பா?" என்று என் எட்டு வயது மகள் கேட்டாள்.

பொறியில் இருந்ததன் வயிற்றில் காம்புகளைச் சுற்றி மயிர் உதிர்ந்திருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். பார்த்தும் அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. வாளி இன்னும் குழாயடியில் கவிழ்ந்து கிடந்தது. குழந்தைக்கு நான் பதில் சொல்லவில்லை.

எலிக்குப் பாலா?

"அமாவாசையும் அதுவுமா என்னடா இது! குப்பையில் கொண்டுபோய்ப் போடு" என்றாள் அம்மா. அவள் சொன்னதில் தப்பு இல்லை. மனிதக் குழந்தைக்கே பால் கிடைக்காத வீடுகள் உள்ள நாட்டில் எலிக்குட்டிக்குப் பாலா என்று யாரும் கேட்கலாம். தஞ்சை மாவட்டத்து விவசாயியைக் கேட்டால் இன்னும் கடுமையாகவே சொல்வார். நெற்கதிரை அடியோடு வெட்டி வளைக்குள் சேர்த்துவைக்கும் வயல் எலியோடு ஆயுள் முழுவதும் போராடுகிறவர் அவர். மூங்கிலை வளைத்துச் செய்யும் எலிக் கிட்டி அவருடைய ஆயுதம். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அரிசியை நான் கடையில் வாங்குகிறேன்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தானியத்தைத் தின்னும் எலியை ஒழிப்பது ஒரு விஷயம். இன்னும் ஒரு தானியத்தைக்கூடக் கடித்தறியாத குட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டு, குளிரிலும் பசியிலும் மணிக்கணக்காகத் துடிக்கவிடுவது வேறு விஷயம். முதலாவதற்குக் காரணம் சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன காரணம் சொல்வது? நமக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

முதலில் சூடு, பிறகு பால்

குட்டிகளை வளர்ப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு உற்சாகம் இருந்தது, ஞானம் இல்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து, சொட்டு மருந்துக் குழாயால் வாயில் விட்டேன். குட்டியை மல்லாக்கப் பிடித்து, கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுவதுபோல் புகட்டினேன். விடிவதற்குள் இரண்டு இறந்தன. மறுநாள் வயிறு உப்பி இன்னும் இரண்டு போயின.

பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை. "பால் மூச்சுக்குழலில் போயிருக்கும். அதோடு, பசும்பால் இதற்கு ஆகாது" என்றார். எலியின் பாலில் கொழுப்பு பசும்பாலைப்போல் சுமார் மூன்று மடங்கு. சர்க்கரைச் சத்து பசும்பாலைவிடக் குறைவு. ஆகையால் பசும்பால் குட்டியின் வயிற்றைக் கெடுக்கும், பசியையும் தீர்க்காது. பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுப்பதே நல்லது.

அவரிடம் கேட்டும், பிறகு படித்தும், நான்கு உயிரைக் கொடுத்தும் நான் கற்ற பாடம் இது:

முதலில் வேண்டியது சூடு. மயிர் முளைக்காத குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. நமக்கு வியர்க்கும் அறைகூட அதற்குக் குளிர். ஒரு சிறு பெட்டியில் நூல் பிரியாத மெல்லிய துணியைப் போட்டு, பெட்டியின் பாதிப் பாகத்துக்கு மட்டும் அடியில் வெதுவெதுப்பான தண்ணீர்ப் புட்டியை வைக்க வேண்டும். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர்ந்துகொள்ள இடம் இருக்கும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் கொடுத்தால் ஜீரணமாகாது.

பாலை வாயில் ஊற்றக்கூடாது. சித்திரம் எழுதும் மெல்லிய தூரிகையைப் பாலில் நனைத்து உதட்டருகே வைத்தால் குட்டியே நக்கிக்கொள்ளும். வயிறு கீழே இருக்கும்படிதான் பிடிக்க வேண்டும். முதல் வாரம் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பால் கொடுத்தபின், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றை மெள்ளத் தடவ வேண்டும். தாய் நாக்கால் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மலமும் சிறுநீரும் இறங்கும். அந்த வேலையையும் நாம்தான் செய்தாக வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். எலியின் சிறுநீர் மூலம் எலிக்காய்ச்சல் பரவும். சுண்டெலி சுமக்கும் ஒருவகைக் கிருமி கருவிலுள்ள சிசுவையும் பாதிக்கக்கூடும். ஆகவே கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தொடக்கூடாது. தொடுகிறவர்கள் கையுறை அணிந்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது அவசியம். என் மகள் இரண்டடி தள்ளி நின்றுதான் பார்த்தாள்.

ஐந்தாவது குட்டி ஆறாம் நாள் காரணம் தெரியாமல் இறந்தது. ஆறாவது பிழைத்தது. காது மடல் விரிந்தது. சாம்பல் நிறத்தில் மயிர் வந்தது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் சுண்டெலிக்குக் கண் திறந்துவிடும். இதற்குத் திறந்த நாள் விஜயதசமி. ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் அட்சராப்பியாசம் நடந்துகொண்டிருந்த காலை வேளையில், இது முதன்முதலாக உலகத்தைப் பார்த்தது. பார்த்த முதல் முகம் என்னுடையது. அதை நினைத்து எனக்குப் பெருமையாக இல்லை, வெட்கமாக இருந்தது.

மூன்றாம் வாரம் தானியம் கொறிக்கத் தொடங்கியதும் நான் அதைத் தொடுவதையே நிறுத்திவிட்டேன். மனிதனைக் கண்டு பயப்படாத எலி பிழைக்காது. தீபாவளி வேட்டுச் சத்தமெல்லாம் ஓய்ந்து பத்து நாள் ஆனபின், மழையில்லாத ஒரு சாயங்காலம், வீடுகளுக்குத் தூரத்தில் உள்ள ஏரிக்கரைப் புதரில் பெட்டியைத் திறந்து வைத்தேன். அது திரும்பிப் பார்க்கவில்லை. ஆந்தைக்கு இரையாயிற்றோ, பிழைத்ததோ, அது அதன் பாடு.

அநாதையாக்காதிருப்பதே மேல்

ஆறில் ஒன்று. நாற்பது நாள் தூக்கமின்மைக்குக் கிடைத்த பலன் இவ்வளவுதான். ஆகையால், எல்லோரும் எலிக்குட்டி வளர்க்கக் கிளம்புங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் செய்தது ஜீவகாருண்யம் அல்ல, வெறும் பிராயச்சித்தம். ஜீவகாருண்யம் பொறி வைப்பதற்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

எலிக்கூட்டைக் கண்டதும் குட்டிகள் அநாதை என்று முடிவுகட்டாதீர்கள். அநேகமாகத் தாய் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும். குட்டிகளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பெட்டியைச் சற்றுத் திறந்துவைத்து அந்த இடத்தைவிட்டு அகலுங்கள். நம் காதுக்கு எட்டாத ஸ்தாயியில் குட்டிகள் கத்தும். அது தாய்க்குக் கேட்கும். கலைந்த கூட்டிலிருந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு அது வேறிடம் போய்விடும். சுண்டெலிகளில் ஒரே கூட்டில் இரண்டு தாய்மார் சேர்ந்து பால் கொடுப்பதும் உண்டு. மனிதன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சொல்லிக்கொண்டு குட்டிகளைக் கொல்ல வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒதுக்காது. ஒருநாள் முழுதும் வராவிட்டால், வயிற்றில் பாலின் வெள்ளை மறைந்து குட்டிகள் சில்லிட்டுப்போனால், அப்போதுதான் அவை அநாதைகள்.

பசைப் பலகை வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் ஒட்டிய எலி சாக நாள் கணக்கில் ஆகலாம். பூச்சி தின்னும் மூஞ்சூறும், பல்லியும், சிட்டுக்குருவியும்கூட அதில் ஒட்டிக்கொள்கின்றன. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் பொதுமக்கள் எலிக்கு அதை வைப்பது குற்றம். நமக்கும் இது புதிய சிந்தனை அல்ல. நாட்டியக் கலைஞரும் மாநிலங்களவை நியமன உறுப்பினருமான ருக்மிணி தேவி அருண்டேல் பிராணிகளுக்காகப் போராடிய பிறகுதான் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். நம் சென்னையில் வாழ்ந்த ஒரு பெண்மணி நாட்டுக்கே சொன்ன புத்தியை நாம் மறந்துவிடலாமா?

அப்படியானால் எலித் தொல்லைக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். வழி சுவரில் இருக்கிறது. பென்சில் பருமனுள்ள சந்து இருந்தால் போதும், சுண்டெலி நுழைந்துவிடும். ஒரு பெண் எலி மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஐந்தாறு குட்டிகள் போடக்கூடியது. சந்தை அடைக்காமல் பொறி மட்டும் வைப்பவர், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பவருக்குச் சமம். தாயும் குட்டிகளும் வெளியேறியதைப் பார்த்துக்கொண்டு சந்தைச் சிமெண்டால் அடைத்தால் தொல்லையும் தீரும், பாவமும் சேராது.

2025ஆம் ஆண்டு நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே பரணில் ஏறினேன். குழாய் நுழையும் இடத்தில் இருந்த சந்தைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரும் சிமெண்டும் வைத்து அடைத்தேன். பொம்மைகளைத் தகரப் பெட்டிக்கு மாற்றினோம். பொறி வைக்கவே அவசியம் ஏற்படவில்லை. வாளி துணி நனைக்க மட்டும் பயன்படுகிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பரணையும் பழைய பெட்டிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்றிரவு பொறி வைக்கும் உத்தேசம் இருந்தால், அதற்கு முன்னால் பாருங்கள். நாளைக்கு உங்கள் வீட்டுக் குழந்தையும் என் மகள் கேட்ட கேள்வியைக் கேட்கக்கூடும்.