யாருடைய செவிக்காக?

மேட்டூர் அணையின் 16 கண் மதகில் உபரி நீர் பாயும் நாளில், அதனருகே நின்று கடல் கடந்த மகனோடு பேசுவோருக்கு ஓர் உண்மை விளங்கும். விலையுயர்ந்த கம்பியில்லாக் காதுக்கருவி இரைச்சலை அடக்கும் என்பது வாஸ்தவமே. ஆனால் அடங்குவது நம் செவியில்; மகன் செவியிலன்று!

எதிர்க்கட்ட ஒலியலையை எழுப்பி, வரும் சப்தத்தை மாய்ப்பதே அந்த வித்தை. 1978-ல் விமானத்தில் அமர்ந்தபடியே இதற்குக் கணக்குப் போட்டவர் அமர் போஸ். வெள்ளையராட்சியில் சிறைப்பட்டு, அமெரிக்கா சென்ற வங்க தேசபக்தரின் புதல்வர் அவர்.

நம் குரலை இரைச்சலினின்று பிரித்தனுப்புவதோ மைக்குகளின் வேலை. ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட மைக் உண்டா, காற்று வீச்சைத் தாங்குமா என்று விசாரிக்க வேண்டும். பாட்டில் இனிக்கும் கருவி, பேசுவதற்கு மைக் திறந்ததும் ஒலித்தரம் குன்றுவதும் உண்டு.

உத்தியோகத்துக்கான நேர்முகத் தேர்வே வீடியோவில் நடக்கும் காலம் இது. ஆகையால் கருவியை அணிந்து, கடை வாசலில் வண்டிகளின் சந்தடிக்கிடையே நின்று வீட்டாரோடு பேசிப் பாருங்கள். "சொல் தெளிவாகக் கேட்கிறது" என்று அவர்கள் கூறிய பின்னரே பணத்தை எண்ணுங்கள்.