வீட்டு முற்றம்: கொட்டிலுக்குள் கிடந்தவை



இந்த மாதம் உங்களோடு சமையலைப் பற்றியோ தையலைப் பற்றியோ பேசப்போவதில்லை. எங்கள் அம்மாவின் பழைய கொட்டிலைத் துப்புரவாக்கிய கதையைச் சொல்லப் போகிறேன். இடம்பெயர்ந்து திரும்பிய பலருடைய வளவிலும் இப்படி ஒரு மூலை இருக்கும்.

2007 செப்டெம்பரில் முசலிப் பகுதியை விட்டு உடுத்த உடுப்போடு ஓடினோம். திரும்பி வந்த பிறகு வீட்டுத்திட்டத்தில் புது வீடு கிடைத்தது. பழைய கொட்டில் மட்டும் கூரை சரிந்தபடி அப்படியே கிடந்தது. அதைத் திறந்தால் அம்மாவின் நினைவு வருமென்று யாரும் கிட்டப் போகவில்லை. பழைய இரும்பு வாங்குபவர் வந்து, “உள்ளே கிடக்கிற எல்லாத்தையும் கிலோக் கணக்கில தாங்கோ” என்று கேட்ட அன்றுதான், விற்பதற்கு முதல் என்ன இருக்கிறதென்று பார்ப்போம் என நினைத்தேன்.

முதலில் அகப்பட்டது கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல். பதினைந்து கிலோ வரும். அடி உருண்டை, தலைப்பக்கத்தில் ஒரு துளை. இரண்டாவது, விரலளவு அலகு கொண்ட சின்னக் கத்தி; அதன் பிடியும் இரும்புதான், நுனி கூர். மூன்றாவது, ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு மரக்கட்டைகள். எதற்கும் எனக்குப் பெயர் தெரியவில்லை. பெரியம்மாவைக் கூட்டி வந்தேன். வயது தொண்ணூறு, பார்வை குறைவு. கல்லைத் தடவிய கை அந்தத் துளையில் நின்றது.

“பிள்ளை, இது எங்கட ஐயா கடலுக்குள்ள இறங்கின கல்லடி. கதவுக்கோ வைச்சிருக்கிறியள்?”

அது முத்துக்குளிப்புக் கல். குளிக்கிறவர் கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் காலை வைத்து, மூச்சை அடக்கி இறங்குவார். கல்லின் பாரம் அவரை விரைவாக அடிக்குக் கொண்டுபோகும். மேலே நிற்பவர் கல்லை உடனே இழுத்துவிடுவார். ஒரு நிமிடமளவில் சிப்பிகளைப் பையில் சேர்த்துக் கயிற்றை அசைத்தால் பையும் ஆளும் மேலே வரும். மேலே கயிறு பிடித்தவரின் கவனத்தில்தான் கீழே போனவரின் உயிர் இருந்தது.

1905 இல் மன்னார்க் கடலில் எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1907 உடன் நின்ற சலாபம் பிறகு 1925 இல்தான் நடந்தது. அதில்தான் பெரியம்மாவின் ஐயா இறங்கினாராம். முத்துகளைப் பித்தளை அரிதட்டுகள் பத்தில் சலித்துத் தரம் பிரித்தார்கள். ஓட்டை பெரிய தட்டுக்கு 20 என்றும், மிகச் சிறிய ஓட்டைத் தட்டுக்கு 1000 என்றும் பெயர். அரிப்பில் கடலோரம் இடிந்து நிற்கும் கட்டடத்தை நாங்கள் அல்லிராணிக் கோட்டை என்கிறோம். உண்மையில் அது சலாபத்தை மேற்பார்வை செய்ய ஆளுநர் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை.

சின்னக் கத்தி சத்தகம். பனையோலையை வார்ந்து பெட்டி, பாய் இழைப்பதற்கு. கூர்ப் பிடி, இழையை விலக்கி ஓலையைச் செருகுவதற்கு. அம்மா எங்களை வளர்த்ததே அதை வைத்துத்தான். மரக்கட்டை, பனம்பாளையைப் பதமாக நெரிக்கும் கருவி. தமிழ்நாட்டில் அதைக் கடிப்பு என்பார்கள்.

இவ்வளவும் சந்தோஷமான கதை. அப்போதுதான் கொட்டிலின் உட்புறத்திலிருந்து அண்ணாவின் மகன் கூப்பிட்டான்.

“மாமி, இஞ்ச ஒரு இரும்பு. இதென்னெண்டு சுத்தியலால தட்டிப் பாக்கட்டோ?”

சரிந்த ஓடுகளுக்கு அடியில் துருப்பிடித்த உருளை ஒன்று, பின்பக்கம் செட்டைகள் போலத் தகடுகள். எனக்குக் கை கால் ஓடவில்லை. “தொடாதை. சுத்தியலை அப்பிடியே வைச்சிட்டு, வந்த வழியால வா” என்றேன். எல்லோரும் விலகினோம். கிராம அலுவலருக்கும் பொலிசுக்கும் அறிவித்தோம். மறுநாள் வந்த குழுவினர் அது வெடிக்காத மோட்டார் எறிகணை என்றார்கள். இத்தனை வருடம் கழிந்தும் அது வெடிக்கக் கூடியதுதான்.

சகோதரிகளே, துப்புரவு செய்யும்போது இவற்றை மனதில் வையுங்கள்.

“இது என்ன?” என்று கேட்பதற்கு முதல், “இதைத் தொடலாமா?” என்று கேளுங்கள். செட்டை, வளையம், கம்பி உள்ள தெரியாத உலோகத்தைத் தொடவும் வேண்டாம், அசைக்கவும் வேண்டாம். வந்த வழியே திரும்பி, மற்றவர்களையும் மறித்து, 119 க்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரியாத இரும்பை விலைக்காக ஒருபோதும் பொறுக்க வேண்டாம்.

கைக்கருவி என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதன் தேய்வைப் பாருங்கள். கை பிடித்த இடம் வழுவழுப்பாக இருக்கும். வேலை செய்த முனை தேய்ந்திருக்கும். பிறகு ஊரில் மூத்தவர்களின் கையில் கொடுங்கள். கண் மறந்ததைக் கை சொல்லும். துருவை மெல்லத் துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பெயரையும் பாவித்தவரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

போரில் எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விட்டன. அப்பப்பா, அம்மப்பா முகம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கல் இப்போது புது வீட்டு விறாந்தையில் இருக்கிறது. இரும்புக்காரருக்கு உடைந்த வாளிகளை மட்டும் கொடுத்தேன். சத்தகத்தைத் தீட்டி எடுத்திருக்கிறேன். பெரியம்மா பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல, முதல் பெட்டியை இழைக்கத் தொடங்கிவிட்டேன். கொஞ்சம் கோணல்தான்.

உங்கள் வீட்டில் பெயர் மறந்த கருவி ஏதும் இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.